பூசணிக்காய்க்குப் பிடித்த பேய்

வட கர்நாடகத்தில் கதக் ஊரின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வெள்ளிக்கிழமைதோறும் பேய்களின் கூட்டம் நெரியும். மன்னிக்கவும், பேய் பிடித்தவர்களின் கூட்டம். துந்தப்பஜ்ஜா என்ற சாமியார் ஒரு சாம்பல்நிறத் தகட்டை அவர்கள் நெற்றியில் அழுத்துவார். பேய் சமர்த்தாக அதில் ஏறிக்கொள்ளும். தீர்த்தத் தம்ளரில் போட்டதும் தகடு கொதிக்கும். தட்டால் மூடித் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் 'டப்!' பேயின் கடைசி அலறலாம்.

அன்று பசவ்வா தன் மருமகள் நீலவ்வாவை இழுத்து வந்திருந்தாள். மகன் லாரியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டதற்கு கல்யாணமாகி மூன்றே மாதமான மருமகள்தான் காரணமாம். அஜ்ஜா மூன்று தகடு போட்டார்; மூன்றும் கொதித்தன.

"ஏழு பேய் இருக்கு தாயி. இன்னிக்கே பொறந்த வீட்டுக்கு அனுப்பிடு. வெள்ளிக் கொலுசு மட்டும் இங்க இருக்கட்டும்," என்றார் அஜ்ஜா. பசவ்வா மருமகளின் கொலுசைக் கழற்றி அவர் முன் வைத்தாள்.

"அத்தே, நானா அவரைத் தள்ளிவிட்டேன்?" என்று கேட்டாள் நீலவ்வா.

எதிர்க் கடையில் லாரி ரேடியேட்டர்களுக்கு ஓட்டை அடைக்கும் கங்கவ்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அஜ்ஜா, ஒரு தகட்டை உங்க நெத்தியில வைங்க."

"நான் சித்தன்! என்னை எந்தப் பேய் அண்டும்?"

"அப்ப கொதிக்காதுல்ல? தைரியமா போடுங்க!"

அஜ்ஜாவுக்குத் திடீரென்று தியானம் கூடிவிட்டது. கங்கவ்வா ஒரு தகட்டை எடுத்து, திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயில் அழுத்தித் தம்ளரில் போட்டாள். பொங்கிக் கொதித்தது.

"ஐயோ பாவம், பூசணிக்காய்க்கும் புகுந்த வீடு சரியில்ல போல!"

கூட்டம் சிரித்தது. அவள் மிர்ச்சி பஜ்ஜிக் கடையிலிருந்து சோடா மாவை வாங்கி, வேறொரு தீர்த்தத் தம்ளரில் நுரை அடங்கும்வரை கொட்டினாள். பிறகு நீலவ்வாவின் நெற்றியில் ஒற்றிய தகட்டைப் போட்டாள். ஒரு குமிழிகூட இல்லை.

"இது தீர்த்தமில்ல, கக்கூஸ் கழுவுற ஆசிட். தகடு துத்தநாகம். ஆசிட் அதைத் தின்னா ஒரு வாயு கிளம்பும். தீ பட்டா அதுதான் வெடிக்குது. மிச்சம் ஒருவகை உப்பு. ரேடியேட்டர்ல ஈயம் ஒட்டணும்னு அந்த உப்புக்காக நான் தினம் செய்யற வேலை இது! சோடா மாவு பட்டா ஆசிட்டோட வேகம் செத்து, ரொட்டிக்குப் போடுற உப்பாயிடும்."

அஜ்ஜா கிளம்புவதற்குத் தன் பையைத் தேடினார். நீலவ்வா கொலுசை எடுத்துக்கொண்டாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றாள் பசவ்வா, தரையைப் பார்த்து.

"எந்த வீட்டுக்கு அத்தே?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

கூட்டத்தில் ஒரு பெரியவர் பயபக்தியோடு கேட்டார்: "கங்கவ்வா, ஒரு பேய்க்கு எத்தனை கரண்டி சோடா?"

"சோடா ஆசிட்டைத்தான் அடக்கும் அண்ணா. யோசிக்காத மண்டைக்கு நீங்கதான் ஏதாவது பண்ணிக்கணும்!"