தங்கள் தங்கை பேசாததற்குக் காரணம் தெரிந்த விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் குமரேசன் அவர்களுக்கு, உத்திரமேரூரிலிருந்து வேதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கூரத்தில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தங்களிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம்.

ஐப்பசியில், ஜெகதாம்பாள் சித்திரையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, திமிர் பிடித்தவள் என்று நாலு பக்கம் எழுதினேனே, தயவுசெய்து அதை அடுப்பில் போட்டுவிடுங்கள். அவள் பேசவில்லை, ஆம்பளைக்கு ரோஷம் வேண்டாமா என்று நானும் பேசவில்லை. அவள் ஃபேனை நிறுத்துவாள், என்னை வேகவைக்கத்தான் நிறுத்துகிறாள் என்று நான் அஞ்சில் வைப்பேன், அவள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாள், அதுவும் திமிர்தான் என்று நினைத்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணீர் விட்டபோது பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன், அவர் மூன்று நல்ல பல்லைப் பிடுங்கினார், வலி மட்டும் அங்கேயே இருந்தது. நாலாவது பல்லுக்கு வேறு டாக்டரிடம் போனோம். அவர்தான், "இது பல்லே இல்லீங்க, மொகத்து நரம்பு. காத்து பட்டாக்கூட கரண்ட் அடிக்கிற மாதிரி வலிக்கும்" என்று சென்னைக்கு அனுப்பினார். காற்று என்றதும் எனக்கு அந்த ஃபேன்தான் ஞாபகம் வந்தது.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா சோபியா என்னை உட்காரவைத்துப் படம் காட்டினார். கையில் ஊசி வழியாகப் பச்சைச் சாயம் ஏற்றினார்களாம். அது ரத்தத்தோடு தலைக்குப் போனதும் தனிக் கேமராவில் ரத்தக்குழாய் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது. தறியில் உட்கார்ந்தவன் புத்தி போகுமா, "ஏம்மா, இந்தச் சாயம் நின்னுடுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றார். புழு அளவுக் குழாய் ஒன்று நரம்பின்மேல் சாய்ந்து, இதயம் துடிக்கும்போதெல்லாம் அதை இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை விலக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து, ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று மறுபடியும் சாயம் ஏற்றிப் பார்த்தார்களாம். "பேச வாயைத் திறந்தாலே வலிச்சிருக்கும், எப்படித்தான் தாங்கினாங்களோ" என்றார் அந்தம்மா. மச்சான், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன். வலியில் வாய் திறக்க முடியாதவளிடம் போய் பதினோரு மாதம் ரோஷம் காட்டியிருக்கிறேன்.

இப்போது வலி இல்லை, முகம் கழுவுகிறாள், சோறு மென்று தின்கிறாள். இன்னும் பேசவில்லை. தையல் ஆறியதும் பேசுவாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டும்
வேதாசலம்

பி.கு.: தபாலில் போடுமுன் ஜெகதாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, பதினோரு மாதம் கழித்து என்னிடம் பேசினாள். "வலி ஆடியிலதான் வந்துச்சு. நான் பேச்ச நிறுத்துனது சித்திரையில." எதற்கு என்று கேட்டேன். "இன்னாத்துக்குன்னு இன்னுமா தெரியல உனக்கு?" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் உடனே எழுதவும்.