ரொட்டி வாங்கப் போனவளும் பின்னால் போனவனும்

அன்பும் கண்டிப்பும் ஒருசேர வாய்த்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் மானம் மட்டும் நலமாக இல்லை. வேறு யார் வாயாலாவது நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போன முறை வந்தபோது, பாலர் பள்ளி ஆசிரியை என்ற முறையில், என் மகளைக் காட்டி, "எது செய்யணும்னு அவளே நினைக்கட்டும், அவளே முடிக்கட்டும், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? அதன்படி உன் மருமகளிடம் கேட்டேன். நீச்சல் என்பாள், வாய்ப்பாடு என்பாள் என்று பார்த்தால், அந்த ஆறு வயது வாலு, தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் ரொட்டி வாங்கிவர வேண்டும் என்றாள். பேச்சை மெதுவாக வாய்ப்பாட்டின் பக்கம் திருப்பினேன், அவள் திரும்பவில்லை. சாலையைக் கடக்காமல் நடைபாதையோடு போவது என்று அவளே திட்டம் போட்டாள். கடையில் கேட்க வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பழகினாள். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

ஆட்டியவன் வீட்டிலேயே இருந்திருக்கலாம். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவனுக்கு ஏணியைப் பார்த்தால் விழப்போகிறவன்தான் தெரிவான். அவள் படியிறங்கியதும் ஹெல்மெட்டை மாட்டி, முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் குனிந்து குனிந்து போனேன். அவள் நின்றால் நின்றேன். அவள் செருப்பு வாரைச் சரிசெய்தபோது குப்பைத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இத்தனையையும் தையல்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரொட்டிக்கடை வாசலில் என் காலரைக் கொத்தாகப் பிடித்தார். கூட்டம் கூடிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி, நான் இந்தப் பிள்ளையின் அப்பா என்றேன். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவனை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. கடைக்காரம்மா வெளியே வந்து அவளைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, "பாப்பா, இவரு உன்கூட வந்தவரா?" என்று கேட்டாள்.

உன் மருமகள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"இல்ல. நான் தனியாத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். விஷயம் கேள்விப்பட்டு என் மனைவி வந்து, கொஞ்சம் தயங்கி, என்னைக் கணவர் என்று ஒப்புக்கொள்ளும்வரை தையல்கடை முக்காலியில் ஊர் பார்க்க உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஏனம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நீங்களும் வந்தீங்கன்னா, நான் தனியா போனதா ஆகாதேப்பா" என்றாள். கோபமே இல்லை, அக்கா. முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தாள். காலரைப் பிடித்ததுகூட மறந்துபோகும். நம்புகிறேன் என்று தலையாட்டிவிட்டு நான் நம்பாததைக் குழந்தை பார்த்துவிட்டாளே, அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இனி அவள் எதை நினைத்தாலும் குறுக்கேயும் வரமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன். இது உறுதி.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், அப்பனைப் போல் ஒரு மாமன் அவர்களுக்கு வாய்க்காவிட்டாலும்.

தலைகுனிந்த,
தம்பி

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தானே தனியாகப் போய்த் தபால்பெட்டியில் போடுவதுதான் அடுத்த வேலை என்று இப்போதுதான் அறிவித்தாள். மனமார சம்மதித்துவிட்டேன். எங்கள் மாடியிலிருந்து தபால்பெட்டி தெரியாது. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது. சாவி வாங்கி வைத்திருக்கிறேன்.