இடைவெளிகள் மிகச் சிறப்பு

நெல்லிக்குப்பம்,
ஞாயிறு

அன்புள்ள மச்சான் வைத்திலிங்கத்துக்கு,

மாமா தட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா தில்லையம்மாளும் சௌக்கியம். போன் செய்தால் "மாமா, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அங்கே நீயும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டும். நீ செயலாளராக இருக்கும் சிதம்பரம் இசை மன்றத்தின் தேர்வுக் குழுவை மட்டும் நல்ல காது டாக்டரிடம் காட்டவும்.

உங்கள் ஆண்டு விழாவின் தொடக்கப் பாட்டுக்காகப் பெண்ணையாற்றைப் பற்றி நானே எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடி அனுப்பினேன் அல்லவா? "உருக்கமான பாடல். கேட்பவர் மூச்சு விடச் சற்று இடைவெளி தந்தால் நலம்" என்று குழுவிடமிருந்து பதில் வந்தது. பெரிய மனிதர்கள் சொல்கிறார்களே என்று அடிக்கு அடி வாயை மூடிக்கொண்டு, அந்த இடங்களில் பக்கத்து வீட்டு ராபர்ட்டைக் கீபோர்டு வாசிக்கச் சொல்லி மறுபடி அனுப்பினேன். "இடைவெளிகள் மிகச் சிறப்பு. இன்னும் நீட்டலாம்" என்றார்கள். நீட்டினேன். ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று அந்த இடைவெளியில் புகுந்து, ஹாரன் அடித்துக்கொண்டே தெருமுனை வரை போனது. அதையும் அப்படியே அனுப்பித் தொலைத்தேன். "டிராக்டர் வரும் இடம் மனதுக்கு ஆறுதல். பாடலின் ஆகச் சிறந்த பகுதி முடிவுதான், அதற்கு விரைவாக வர முயலலாம். தங்கள் குரல் அரிதானது, அடிக்கடி பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்கள். இது பாராட்டா, திட்டா, ஜாதகப் பலனா? ராபர்ட்டிடம் காட்டினேன். "நல்லாத்தானே சொல்லிருக்காங்க அங்கிள்" என்றவன், அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டான். உன் அக்காவைக் கேட்டால், "அவுங்க படிச்சவங்க, சொன்னா ஏதாச்சும் இருக்கும்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள்.

மகள் சத்யப்பிரியாவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சம்பந்தி என்னிடம் கரும்பைத் தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை. இந்தக் கரும்புக்காரனுக்கு வேறென்ன தெரியும் என்கிற நினைப்பு. விழாவில் என் பாட்டுதான், முதல் வரிசையில் வந்து உட்காருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பாட்டு வராமல் போனால் எனக்கு ரொம்ப வலிக்கும் மச்சான். ஆகவே, இப்படியெல்லாம் எழுதுகிற அந்த மகா மேதை யாரென்று கண்டுபிடித்து, நேராகப் பேச வாய் வராதா என்று நாலு பேர் முன்னால் கேள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நல்ல காதுகளோடும் வாழ்க.

இப்படிக்கு,
அரிதான குரலுடைய உன் மாமா,
தட்சிணாமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். இருமல் சிரிப்பாகி, சிரிப்பில் உண்மை வெளியே வந்துவிட்டது. அந்த மகா மேதை நீதானாமே! அக்கா புருஷனைக் குறை சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு பதிலையும் இவளிடம் போனில் படித்துக் காட்டி, சர்க்கரை பூசி அனுப்பினாயாம். அதற்கு மட்டும் சிக்னல் இருந்திருக்கிறது. "நீயாவது நேரா சொல்லக் கூடாதா?" என்று இவளைக் கேட்டேன். "பாட்டு நல்லாருக்கு. நீங்க பாடுறதுதான் தாங்க முடியல" என்றாள். உடனே புரிந்துவிட்டது. ராபர்ட் கடலூர் சர்ச் கொயரில் பாடுகிறவன். அவனைப் பாட வைத்துக் கேட்டேன், எனக்கே அழுகை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மேலே திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சம்பந்திக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை. டிராக்டரை மட்டும் எடுக்கவில்லை. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும்.