கிரீன்லாந்து எங்கள் மண் என்று நான் முழங்கிய மத்தியானம்

விருந்தாளி முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பது சிலருக்கு இயல்பாக வரும். எனக்கு வராது. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். ஒஸ்லோவுக்கு வந்து பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கத் தொடங்கிய பின்னும் அந்த வியாதி தீரவில்லை.

2006 வசந்த காலம். மகள் தாரணி பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கோடையில் ஆறு கிழமை வடகிழக்குக் கிரீன்லாந்துத் தேசியப் பூங்காவில் ஆய்வு. போக விரும்பியவர்கள் இருவர், இடமோ ஒன்றுதான்.

"பூங்கா எண்டால் பூங்கண்டு, இருக்க வாங்கு எல்லாம் இருக்குந்தானே?" என்றார் என் கணவர்.

"பனிக்கரடி இருக்கு அப்பா."

அன்றைக்குப் போனது என் நித்திரை. "உன்னைக் கூட்டிக்கொண்டு போற ஆளை நான் பாக்கவேணும். சாப்பிடக் கூப்பிடு" என்றேன். (கலியாணம் பேசினாலும் இதைத்தானே செய்வோம்!)

"கூப்பிடுறன். ஆனா அம்மா, அவதான் ஆளைத் தெரிவு செய்யிறவ. நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. சாப்பாட்டை மட்டும் குடுங்கோ."

நான் நேரே நூலகத்துக்குப் போனேன்.

ஞாயிறு மத்தியானம் ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் இருந்த எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்குப் பேராசிரியர் வந்தார். நல்ல மனுசி. ஆனால் தொண்டை கரகரத்தது. சொற்களில் பாதியை விழுங்கினார். பாவம், துருவக் குளிர் பிடித்துவிட்டதென்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார். தாரணி மேசைக்குக் கீழே என் காலை உதைத்தாள். போதாதென்கிறாள் என்று நினைத்து இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

இடியப்பமும் சொதியும் வந்ததும் பாடம் தொடங்கியது. உலகத்திலேயே பெரிய தேசியப் பூங்கா. இலங்கையைப் போல ஏறக்குறையப் பதினைந்து மடங்கு. பெரும்பகுதி பனிப்பாளம். நிலையாகக் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. நோர்வே வேட்டைக்காரர் அங்கே குடிசை போட்டு நரிக்குப் பொறி வைத்த கதைக்கு வந்தபோது என் குரல் ஏறியது. 1931இல் கொடி ஏற்றிய இடத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"அது எங்கட மண்! ரெண்டே வருசத்திலை டென்மார்க்காரர் ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பறிச்சுப்போட்டினம்!" (நோர்வே கடவுச்சீட்டு என் கைக்கு வந்து அப்போது ஆறு வருடம்.)

தாரணி தமிழில் மெல்லச் சொன்னாள்: "அம்மா, அவ டென்மார்க்காரி."

தொண்டைக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது: அது தடிமன் இல்லை, டென்மார்க்காரரின் பேச்சே அப்படித்தான். கணவர் சொதிக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

பேராசிரியர் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்ல பாடம். ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். உங்கள் குடிசைக்கும் எங்கள் கொடிக்கும் முன்னரே அங்கே இனுயிட் மக்கள் வாழ்ந்தார்கள். கூடாரத்தைச் சுற்றி அவர்கள் வைத்த கற்கள் இன்னும் வட்டமாகவே கிடக்கின்றன."

புவியியல் ரீச்சருக்குப் பூச்சியம்.

அதன்பின் நான்கு நாள் தாரணி என்னோடு கதைக்கவில்லை. ஒரு தாய், தன் பிள்ளையின் ஆசையைச் சொதியோடு பரிமாறிவிட்டாளே என்று நான் அழுதேன். ஐந்தாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று சிரித்தாள்.

"நான்தான் போறன்! ஏன் தெரியுமோ? 'அந்த வீட்டில் வளர்ந்தவள் புயலுக்குள் யாரோடும் ஒரே குடிசையில் தாக்குப்பிடிப்பாள்' எண்டு சொன்னவ."

போனாள், முழுசாய்த் திரும்பியும் வந்தாள். அதற்குப் பிறகும் பலமுறை வடக்கே போய்விட்டாள். ஒவ்வொரு முறையும் என் நித்திரை போகத்தான் செய்கிறது. ஆனால் வீட்டுக்கு யாரையாவது கூட்டி வருவதென்றால், இன்றைக்கும் முதலில் தொலைபேசிதான் வரும்:

"அம்மா, இண்டைக்கு வாறவர் சுவீடன்காரர். நூலகத்துக்குப் போயிடாதேங்கோ."