அளவுக்கு ஓர் ஆள்

"கைக்குட்டைய அனுப்பிட்டு அதச் சேலைங்கீகளே, உங்களுக்கே நல்லாருக்கா?"

போனில் பேசியவர் விருதுநகர் ஜெனிட்டா டீச்சர். சாத்தூரில் போனைப் பிடித்திருந்தவன் பெயர் ஊர்க்காவலன்.

"டீச்சர், அது பொம்மைக்குக் கட்டுற சேலை."

"பொம்மையா? படத்துல ஒரு பொண்ணுல்ல கட்டிக்கிட்டு நிக்குது."

"அதுதான் டீச்சர் பொம்மை."

"எங்கிட்டயே கதை விடுதீகளா? தங்கச்சி நிச்சயத்துக்கு வாங்குனது. ரவிக்கை என் கட்டைவிரலுக்குக்கூட ஏறல. உண்மையான சேலை வந்து சேரணும். இல்லன்னா போலீசுக்குப் போவேன்."

போனை வைத்துவிட்டார்.

ஊர்க்காவலனின் மனைவி கற்பகவல்லி பொம்மைகளுக்கு உடை தைத்து இணையத்தில் விற்கிறாள். படம் எடுப்பது அவன் பொறுப்பு. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். தீபாவளி முடிந்து வேலை இல்லாததால் திறமை முழுவதையும் இதில் இறக்கிவிட்டான். கழிவு அட்டையில் ஒரு ஹால் கட்டினான். அதற்கு ஜன்னல் வைத்தான். சுவரில் நகம் அளவுக்கு ஒரு காலண்டர் மாட்டினான். வெயில் சுள்ளென்று விழாமலிருக்க வேட்டியைக் குறுக்கே கட்டினான். பிளாஸ்டிக் முகம் மினுங்காமலிருக்கப் பவுடர் பூசினான். படத்தில் பொம்மை அசல் கல்யாணப்பெண்ணாக நின்றது. வினையே அதுதான்.

"கொஞ்சம் மோசமா எடுத்திருந்தீகன்னா இந்தப் பாடு வந்திருக்காது," என்றாள் கற்பகவல்லி.

அவன் படத்துக்குக் கீழே 'பொம்மைச் சேலை' என்று பெரிதாக எழுதினான்.

மறுநாள் அச்சங்குளத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். "பொம்மை பார்டர்ல இருக்கா, முந்தியில மட்டும் இருக்கா?"

"சேலையில பொம்மை கிடையாதும்மா."

"பொம்மையே இல்லாத சேலைக்குப் பொம்மைச் சேலைன்னு பேரா? எம்புட்டுத் துணிச்சல் உங்களுக்கு."

அதையே படத்துக்குக் கீழேயும் எழுதிவிட்டுப் போனார். அடியில் பலர் ஆமோதித்திருந்தார்கள்.

அளவு புரியட்டும் என்று பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படமெடுத்தான். அன்று சாயங்காலமே ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அந்தத் தீப்பெட்டி மாடல் கட்டில் எங்கன செஞ்சீக? எம்மகளுக்கு ஒண்ணு வேணும்."

"அது தீப்பெட்டிங்க."

"அதான் சொல்லுதேன், அசல் தீப்பெட்டியாவே இருக்கு. டபுள் காட் சைஸ்ல வருமா?"

ஊர்க்காவலன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் கனவில் ஜெனிட்டா டீச்சர் போலீஸ்காரரோடு படியேறி வந்தார். கற்பகவல்லி தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள்.

"நான் பழையபடி தீப்பெட்டி ஆபீசுக்கே குச்சி அடுக்கப் போறேன். ஊருக்குள்ள திருட்டுப் பட்டம் வாங்கவா தையல் படிச்சேன்?" என்றாள்.

அதை அவனால் தாங்க முடியவில்லை.

"கடைசியா ஒரு படம். நானே பக்கத்துல உக்காருதேன். ஆள் அளவு தெரிஞ்சா பொம்மை அளவு தானா தெரிஞ்சிரும்."

வெள்ளைச் சட்டை போட்டு, மீசையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான். பொம்மையை உள்ளங்கையில் நிற்க வைத்தான். பயத்தில் முகம் வேர்த்து வழிந்தது. கற்பகவல்லி பவுடரை எடுத்து அப்பினாள்.

"அசையாதீக. கண்ணச் சிமிட்டாதீக. கொஞ்சம் சிரிங்களேன்."

சிரிப்பு மட்டும் வரவில்லை. வந்தவரைக்கும் போதும் என்று எடுத்து, முதல் வேலையாக டீச்சருக்கு அனுப்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. கற்பகவல்லி ஸ்பீக்கரைப் போட்டாள். டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

"படத்தப் பார்த்தேம்மா. அந்தப் பொண்ணு பொம்மைதான், இப்பப் புரிஞ்சிருச்சு. நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீக."

ஊர்க்காவலன் கண்களை மூடி ஒரு பெருமூச்சு விட்டான். கற்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல டீச்சர். வேற ஏதாச்சும் வேணுமா?"

"சேலை கிடக்கட்டும்மா. அதக் கையில வச்சிருக்குல்ல, மீசை வச்ச பெரிய பொம்மை, அது என்ன விலை? வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி அந்த மூஞ்சிய எப்படித்தான் செஞ்சீகளோ."