காய்ந்த கிளைக்குப் போட்டோ

ஒரு காட்டில் ஒரு கரடியும் ஒரு கருமந்தியும் சேர்ந்து மரம் கழிக்கும் தொழில் செய்து பிழைத்தன. கரடியின் பெயர் குப்பண்ணன். மந்தியின் பெயர் நாச்சா. நாச்சா மேலே ஏறி அறுக்கும். குப்பண்ணன் கீழே நின்று கயிறு பிடிக்கும். அறுபட்ட கிளை கயிற்றில் தொங்கியபடி மெதுவாக இறங்கும்.

வேலை இல்லாத நேரத்தில் இரண்டும் டீக்கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசும்.

"அந்த மிளாமான் வீட்டுக்காரம்மா 'நெறைய வெட்டிடாதே, சும்மா ஒதுக்கி மட்டும் விடு'ன்னாங்க. ஒதுக்கினேன். 'இதுக்கா ரெண்டு பேரு வந்தீங்க'ங்கறாங்க" என்றது நாச்சா.

"பக்கத்து வீட்டு முயலு பரவாயில்லையா? கிளை தன் பக்கம் விழுந்தா சண்டை. பழம் விழுந்தா சத்தமே இல்லை" என்றது குப்பண்ணன்.

அப்போது ராமாத்தா என்ற முள்ளம்பன்றி மூச்சு வாங்க ஓடி வந்தது. அதன் வளைக்கு நேர் மேலே இலுப்பை மரத்தின் பெரிய கிளை ஒன்று பட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் கிர்ரென்று சத்தம் வந்தது. வளைக்குள் மூன்று குட்டிகள்.

"குப்பண்ணா, நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லீங்க" என்றது ராமாத்தா.

இரண்டும் போய்ப் பார்த்தன. அரைமணி நேர வேலைதான். ஆனால் மர அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் கிளையில் வாளை வைத்தால் தொழில் உரிமம் போய்விடும். போன வருடம் ஒரு மரநாய்க்கு அப்படித்தான் போனது. இப்போது அது எங்கோ இட்லி விற்கிறது.

ஆகவே இரண்டும் அந்த அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றன. முன்னால் பதினொரு காட்டுப்பன்றிகள். மதியத்துக்கு மேல் முறை வந்தது. சன்னலுக்குப் பின்னால் எழுத்தர் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"ஐயா, ஒரு பட்ட கிளையை எடுக்கணுங்க" என்றது நாச்சா.

ஓணான் தலையை ஆட்டியது. இரண்டும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பின.

"எங்கே போறீங்க?" என்றது ஓணான். "என் தலை எப்பவும் ஆடும். அது உத்தரவு இல்லை. உயிருள்ள கிளைக்கு ஒண்ணாம் நம்பர் படிவம், பட்ட கிளைக்கு ரெண்டாம் நம்பர். இப்ப எல்லாம் செல்போன்லதான் அனுப்பணும். கிளையோட போட்டோ வேணும். தொழிலாளி அந்தக் கிளை மேல நிக்கணும். முகம் தெரியணும்."

"அந்தக் கிளை மேல நிக்க முடியாதுங்க. முறிஞ்சிரும். அதனாலதான் எடுக்கணுங்கறோம்."

"முறியும்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"போட்டோ எடுத்தா தெரியுங்க."

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றது ஓணான்.

மறுநாள் காலை இரண்டும் இலுப்பை மரத்தடிக்கு வந்தன. நாச்சா வாளைச் சாக்குப்பையிலேயே விட்டுவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிச் செல்போனை எடுத்துக்கொண்டது. குப்பண்ணன் பட்ட கிளைக்கும் ஒரு கயிறு போடச் சொன்னது.

"போட்டோதானே அண்ணா, அதுக்கு எதுக்கு?"

"போட்டோ எடுக்கறோம்னு நமக்குத் தெரியும் அம்மிணி. கிளைக்குத் தெரியாது."

நாச்சா மேலே ஏறி, பட்ட கிளையில் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலே கிளை பிரியும் கவையில் மாட்டிக் கீழே விட்டது. குப்பண்ணன் அதை எதிரில் இருந்த வேங்கை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

"ராமாத்தா, குட்டிகளை வெளியே கூட்டிட்டு வா."

"இப்பத்தான் தூங்க வெச்சேனுங்க. போட்டோதானே" என்றது ராமாத்தா.

நாச்சா தன் இடுப்புக் கயிற்றையும் மேல் கவையில் கட்டிக்கொண்டது. பட்ட கிளையில் ஒரு காலை வைத்தது. பிறகு இன்னொரு காலை வைத்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்து, முகம் தெரிகிறதா என்று பார்த்து, அமுக்கியது.

கிளை மடாரென்று முறிந்தது.

நாச்சா இடுப்புக் கயிற்றில் ஊசலாடியது. கிளை வளையைப் பார்த்து இறங்கியது. வேங்கை மரத்தைச் சுற்றியிருந்த கயிறு புகை கிளம்ப ஓடியது. குப்பண்ணன் உள்ளங்கை எரிய எரியப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களாலும் மண்ணை உழுதபடி இழுபட்டது. ராமாத்தா முள்ளெல்லாம் நிற்க வளை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் முதுகு முள்ளுக்கு ஒரு சாண் மேலே கிளை நின்றது.

உள்ளே குட்டிகளின் குறட்டை கேட்டது.

"அண்ணா, விட்றாதீங்க" என்றது மேலே தொங்கிய நாச்சா.

"விடற மாதிரியா இருக்கேன்" என்றது குப்பண்ணன்.

ராமாத்தா மெல்ல நகர்ந்து போய்க் குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வந்தது. அப்புறம் குப்பண்ணன் கிளையைத் தரையில் இறக்கியது. குப்பண்ணனின் கைக்கு ராமாத்தா தேன் தடவிவிட்டது. குப்பண்ணன் அதை நக்கிவிட்டது. ராமாத்தா மறுபடி தடவியது.

கை எரிச்சல் ஆறினாலும் பயம் ஆறவில்லை. அனுமதி வருவதற்கு முன்பே கிளை கீழே கிடக்கிறது. உரிமம் போய்விடும் என்று இரண்டும் நினைத்தன. ஒளித்து வைக்கவும் முடியாது, அவ்வளவு பெரிய கிளை. தாங்களே போய்ச் சொல்லிவிட்டன.

ஓணான் நேரில் வந்தது. முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தது.

"வாள் பட்டுதா?"

"வாளு சாக்குக்குள்ளே இருந்துதுங்க. போட்டோ எடுத்தோம், விழுந்துருச்சு."

"விழுந்த கிளைக்குப் படிவமே கிடையாதே" என்ற ஓணான், கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. "ரெண்டு வருஷத்துல நான் முடிச்சு வெச்ச முதல் கோப்பு இதுதான். ரொம்ப சந்தோஷம்." போகும்போது குட்டிகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தது.

செய்தி காடு முழுக்கப் பரவியது. மறுநாள் விடியும்போது நாச்சாவின் மரத்தடியில் நீண்ட வரிசை நின்றது. முதலில் மிளாவின் பக்கத்து வீட்டு முயல்.

"எங்க வீட்டு மேலேயும் ஒரு கிளை இருக்குதுங்க" என்று குரலைத் தாழ்த்தியது முயல். "அதை ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுங்களா?"

நாச்சா குப்பண்ணனைப் பார்த்தது. குப்பண்ணன் கைப் புண்ணில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டது.

"எடுத்துரலாம்" என்றது. "எந்தப் பக்கம் விழற மாதிரி எடுக்கணும்?"

நீதி: எந்த வேலையையும் நேராகச் செய்யாதே. அதற்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும்போது அது தானாக நடந்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.