எதிர்ப்பக்கத்துத் தீ

மனிதகுலம் இதுவரை போட்ட சாலைகளிலேயே மகத்தானது, எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் புதிய நெடுஞ்சாலைதான். அதன் வரவேற்புக் குழுச் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

முன்பெல்லாம் எதிர்வீட்டுக்குச் சும்மா நடந்து போவோம். இப்போது நடுவில் ஆளுயரச் சுவர். சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பி வரவேண்டும். பக்கத்து மனிதரைப் பார்ப்பதே 'பயணம்' ஆகிவிட்டது. முன்னேற்றம் என்றால் வேறென்ன?

போன வாரம் என் மச்சானின் தையல்கடையில் தீப்பிடித்தது. இஸ்திரிப்பெட்டியின் உபயம். நல்லவேளை, நேர் எதிரிலேயே தீயணைப்பு நிலையம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்.

மச்சான் ஸ்டூல் மேல் ஏறிக் கூப்பிட்டார். நிலைய அதிகாரி மைக்கில் பதில் சொன்னார்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கோம், டெய்லர். நல்லாத்தான் எரியுது."

"அப்ப வாங்க."

"வண்டி கெளம்பிருச்சு. யூ-டர்ன் அடிச்சு வந்துரும். தைரியமா இருங்க."

"அந்தக் குழாயவாச்சும் இந்தப் பக்கம் வீசுங்களேன்."

"ரோட்டுக்குக் குறுக்க குழாய் போட்டா தண்டனை. போர்டு வச்சிருக்காங்களே, படிக்கல?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். அந்தப் போர்டைத் திறந்து வைத்தவன் நான்.

"உங்க ரோடுதான மச்சான், நீங்க சொல்லுங்க."

"பதட்டத்துல விதிய மாத்தக் கூடாது மச்சான்" என்றேன், வாளியைத் தூக்கியபடியே.

ஊரில் பாதிப் பேரின் கல்யாணத் துணி உள்ளே கருகிக்கொண்டிருந்தது. வண்டி வந்து சேர்ந்தபோது, அணைக்க அதிகம் மிச்சமில்லை. ஒரு கத்தரிக்கோலை மட்டும் மீட்டார்கள்.

மறுநாள் ஆய்வுக்கூட்டம். சாலைப் பொறியாளர் பெருமிதத்தோடு பேசினார்.

"இருபது கிலோமீட்டர். கால் மணி நேரத்துல வண்டி வந்துருக்கு. பழைய ரோட்டுல இந்த ஸ்பீடு வருமா?"

கைதட்டல். நானும் தட்டினேன். உண்மைதான். பழைய ரோட்டில் வண்டி வேகம் எடுப்பதற்குள் கடை வந்துவிடும்.

மச்சான் எழுந்தார். "சார், கடைக்கு நேரா சுவத்துல ஒரு வழி விட்டுக் குடுங்க."

"தாராளமா விடலாம். ஆனா அவசியம்னு காட்டணும். இப்ப அங்க கடையே இல்லையே. எரியும்போதே மனு குடுத்திருக்கணும்."

மச்சான் உட்கார்ந்துவிட்டார்.

நன்றியுரை என் பொறுப்பு. இந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்கு நன்றி சொன்னேன். அவர்களில் ஒருவரும் கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. வெளியே நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.